ஊஞ்சல், கம்பிவேலி, ஒரு சுண்ணாம்புக் கோடு... மாண்டிசோரி அம்மையார் டாக்டராக இருந்த கதை!

திருவையாறு, கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர்... டெல்டாவில் எந்த ஊரில் இறங்கி நடந்தாலும் ஏதோ ஒரு நர்சரி ஸ்கூல் போர்டில் மாண்டிசோரி என்ற பெயரைப் பார்த்துவிடலாம். வேன் வந்து நிற்கும். கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்க, மூன்று வயசுப் பிள்ளைகள் இறங்குவார்கள். உள்ளே போனதும் பென்சில், நாலு கோடு நோட்டு, ஏ பி சி டி. அந்த வரிசையில் நிச்சயம் ஒரு பிள்ளை இருக்கும். பென்சிலை இறுக்கிப் பிடித்து முனையை உடைக்கும். டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் தரையில். சமதரையிலும் தடுக்கி விழும். சட்டைப் பட்டன் போட வராது. காவிரிப் படித்துறையில் மற்ற பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடும்போது, இது மட்டும் முதல் படியிலேயே அம்மா கையைத் தேடும். வீட்டில் கவனம் பத்தாது என்பார்கள். ஸ்கூலில் மந்தம் என்பார்கள். போகப்போகச் சரியாயிடும் என்பது பாட்டியின் கட்சி.

அந்த போர்டில் இருக்கிற பெயருக்குச் சொந்தக்கார அம்மையார் தன் வேலையை ஆரம்பித்ததே இப்படிப்பட்ட, இன்னும் சொல்லப்போனால் இதைவிட அதிகம் சிரமப்பட்ட பிள்ளைகளோடுதான். அவர் டீச்சர் ஆவதற்கு முன்னால் டாக்டர். பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஊஞ்சலும், தொற்றிக்கொண்டு நடக்க ஒரு வேலியும், தரையில் போட்ட ஒரு கோடும். இந்த விஷயம் ஏனோ போர்டுகளுக்குள் போய்ச் சேரவில்லை.

பிணவறையில் தனியாக ஒரு பெண்

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 31. இத்தாலியில் கியாரவாலே என்கிற சின்ன ஊர். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் அஞ்சு வயசாக இருக்கும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிவந்தது. பெண்பிள்ளைகள் டீச்சராகலாம் என்று இருந்த காலத்தில், இவர் முதலில் இன்ஜினீயராக ஆசைப்பட்டார். பிறகு மனசு மாறி மருத்துவம். அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை, அம்மாதான் கூட நின்றார். ஆண்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் சடலத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு, மாலையில் பிணவறையில் தனியாக நின்று உடற்கூறு படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்னால் ஓரிருவர் இருந்தார்கள். முதல் சிலரில் ஒருவர்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக ரோமில் இருந்த மனநலக் காப்பகங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அங்கேதான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். இன்றைக்கு ஆட்டிசம், பெருமூளை வாதம், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை, ஒரே பூட்டிய அறை. அந்த அறையில் விளையாட ஒரு கட்டை கிடையாது, தொட்டுப்பார்க்க ஒரு துணி கிடையாது. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை, ஆயா அருவருப்போடு காட்டினாராம். மரியா கண்ணுக்கு அது பசியாகத் தெரியவில்லை. விரலுக்கு வேலை தேடுகிறார்கள், அந்த அறையில் கிடைக்கிற ஒரே பொருள் ரொட்டித் துணுக்குதான் என்று அவருக்குப் பட்டது. அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிற சம்பவம் இது.

இந்த எண்ணத்தோடு புத்தகங்களைத் தேடினார். பிரான்சில் இரண்டு டாக்டர்கள் இதே வழியில் முன்பே நடந்திருந்தார்கள். ஒருவர் ழான் இத்தார். 1800-ஐ ஒட்டி காட்டில் கிடைத்த ஒரு சிறுவனுக்கு, பேச்சுக்கு முன்னால் சூடு, குளிர், சத்தம், தொடுகை என்று புலன் புலனாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். இன்னொருவர் அவருடைய சீடர் எடுவார் செகுவான். முதலில் தசை, பிறகு புலன், அதன் பிறகுதான் படிப்பு என்று ஒரு ஒழுங்கே வகுத்துக்கொண்டு பாரிஸிலும், பின்னாளில் அமெரிக்காவிலும் வேலை செய்தவர். இருவரையும் உலகம் கிட்டத்தட்ட மறந்திருந்தது. மரியா அவர்கள் எழுதியதை இத்தாலியில் மொழிபெயர்த்து, வரி வரியாகத் தன் கையாலேயே எழுதி எடுத்தார். அவசரமாக வாசித்தால் நழுவிப்போகும் என்ற பயம்.

பாய் பின்னிய சிறுமி

1900-ல் ரோமில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்கான ஆசிரியர்களுக்காகவும் ஒரு பள்ளி திறந்தார்கள். மரியாவும் ஜூசெப்பே மொந்தெசானோ என்ற டாக்டரும் சேர்ந்து அதற்கு இயக்குநர்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு, ராத்திரி குறிப்பெழுதிக்கொண்டு. அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து அவருடைய மொத்த முறையும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

பதினோரு வயசுச் சிறுமி ஒருத்தி. கையில் வலுவுக்குக் குறைவில்லை. ஆனால், தையல் மட்டும் வரவே இல்லை. நூலை ஒருமுறை துணிக்கு மேலே, ஒருமுறை கீழே விட்டு எடுக்கிற ஆரம்பப் பாடமே ஏறவில்லை. வழக்கமான டீச்சர் என்ன செய்வார்? இன்னும் பத்துமுறை ஊசியைக் கையில் திணிப்பார், பிறகு தலையில் கை வைப்பார். மரியா ஊசியை வாங்கி வைத்துவிட்டார். பதிலுக்குக் காகிதப் பட்டைகளைக் கொடுத்தார். நெட்டுக்கு நிற்கிற பட்டைகளுக்கு இடையில் குறுக்குப் பட்டையை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விட்டுப் பின்னுகிற விளையாட்டு. சிறுமி கொஞ்ச நாளில் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். அப்புறம் துணியும் ஊசியும் கொடுத்தபோது, தையல் தானாக வந்தது.

நம்ம பக்கத்தில் தென்னங்கீத்து முடைகிறவர்களைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். கீத்து முடைவதும் தையலும் கைக்கு ஒரே வேலைதான், மேலே கீழே, மேலே கீழே. கீத்தில் அந்த அசைவு பெரிசாக, மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஊசியில் அது சின்னதாகி, வேகமாகி, ஒளிந்துகொள்கிறது. வராத வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து அழவைப்பதற்குப் பதிலாக, அந்த வேலைக்குள் இருக்கிற அசைவைத் தனியே உருவி, பெரிதாக்கிக் கொடுத்தார் மரியா.

எழுத்துக்கும் இதையே செய்தார். பெரிய மரஎழுத்துகளை விரலால் தடவிப் பழக்கினார், கண்ணுக்கு முன்னால் விரல் அந்த வளைவைத் தெரிந்துகொண்டது. விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய நெல்லில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிற வழக்கம் நமக்குப் புதுசில்லை. வித்தியாசம், நாம் அதை ஒருநாள் செய்துவிட்டு மறுநாளே பென்சிலுக்குப் போய்விடுகிறோம். அவர் மாசக்கணக்கில் விரலிலேயே நின்றார்.

கடைசியில் அந்தப் பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற எழுத்து, வாசிப்புப் பரீட்சையை எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயம் என்றது. மரியாவுக்கு வந்த கேள்வி வேறு. இவர்களே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் எந்த நிலைமையில் வைத்திருக்கின்றன?

அதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய காயம். அவருக்கும் மொந்தெசானோவுக்கும் 1898-ல் ஒரு மகன் பிறந்திருந்தான், மாரியோ. கல்யாணம் ஆகவில்லை. வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும். கைக்குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் விட்டு வளர்த்தார்கள். பிறகு மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். 1901-ல் மரியா அந்தப் பள்ளியை விட்டு வெளியேறினார். ஊர்ப்பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்துத் தடவவைத்த அம்மாவால் தன் பிள்ளை நடை பழகியதைக் கூட இருந்து பார்க்க முடியவில்லை. மகன் அவரிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பதினஞ்சு வயசு.

நாற்காலியை விட்டுவிட்டு வேலிக்கு ஓடிய பிள்ளைகள்

1907 ஜனவரி 6. ரோமில் சான் லொரென்சோ என்கிற ஏழைகள் குடியிருப்பு. அப்பா, அம்மா வேலைக்குப் போனதும் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டு திரியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று மரியாவைக் கூப்பிட்டார்கள். அதுதான் முதல் குழந்தைகள் இல்லம். அங்கேயிருந்துதான் அவர் பெயர் உலகம் முழுக்கப் போனது. அந்தக் கதையை எல்லாரும் எழுதியாச்சு. பலரும் தாண்டிப்போகிற ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, அது அவருடைய 1909 புத்தகத்தில் வருகிறது.

முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக அணிவகுத்து நடப்பார்கள். இரண்டரை, மூன்று வயசுக் குட்டிகள் நடுவில் களைத்துப்போய் வரிசையை விட்டு விலகுவார்கள். உட்காரச் சின்ன நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார் மரியா. குட்டிகள் நாற்காலிப் பக்கமே போகவில்லை. முற்றத்து ஓரத்தில் கம்பிவேலி. மேல்கம்பியைக் கையால் பிடித்து, கீழ்க்கம்பியில் காலை வைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனார்கள். சிரிப்பு வேறு.

வேறு யாராக இருந்தாலும் வேலியில் ஏறாதே என்று அதட்டியிருப்பார்கள். இவர் டாக்டர் கண்ணோடு பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு உடம்பு நீளம், கால் குட்டை. அந்தக் கால் மொத்தப் பாரத்தையும் ரொம்ப நேரம் தாங்காது. அதனால்தான் பிள்ளைகள் புரளுகின்றன, தவழுகின்றன, தொங்குகின்றன. வேலியில் தொற்றினால் பாதிப் பாரத்தை கை வாங்கிக்கொள்கிறது, காலுக்கு அசைவும் கிடைக்கிறது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய உடற்பயிற்சியைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, பள்ளிகளில் அதே மாதிரிக் குட்டி வேலிகளை அமைக்கச் சொன்னார்.

கூடவே செகுவானிடமிருந்து எடுத்த ஓர் ஊஞ்சல். அகலமான பலகை, பிள்ளை காலை நீட்டி உட்காரலாம். எதிரே சுவர். இரண்டு பாதத்தாலும் சுவரை உதைத்து, தானே ஆட வேண்டும். முழங்கால் வலுவில்லாத பிள்ளைகளுக்குக் காலின் முழு எடையையும் தாங்காமலேயே உதைக்கும் பலம் ஏறும். கயிற்றில் தொங்கும் ரப்பர் பந்தைக் கையால் தட்டி எதிரே இருப்பவருக்கு அனுப்பும் விளையாட்டு, கண் தூரத்தை அளக்கக் கற்றுக்கொள்ள. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் திறந்திருக்கும் குட்டிச் சுழல்படி, நூல் ஏணி, தாண்டிக் குதிக்கத் தாழ்வான மேடை. அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கோடு. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு, அதன்மேல் ஒரு பாதத்தின் விரலை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகாலை வைத்து நடக்க வேண்டும். பழகியதும் கையில் நிறைந்த தண்ணீர் டம்ளர். இன்னும் பழகியதும் மணி, சத்தம் வராமல்.

நாத்து நட்ட வயலில் வரப்பு மேல் நடந்து பாருங்க. இரண்டு பக்கமும் சேறு, கீழே வழுக்கல், தலையில் ஒரு சுமை. உள்ளங்கால் மண்ணைப் படிக்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு சாய்வைச் சொல்கிறது, மூட்டும் தசையும் எவ்வளவு மடங்கியிருக்கிறோம் என்று கணக்குக் கொடுக்கிறது. கோட்டில் நடக்கும் குழந்தைக்கும் அதே மூன்று கணக்குதான். இதை உயர்த்திப் பேசி, அந்தக் காலத்துல எல்லாம் இருந்துச்சு என்று முடித்துவிட நான் தயாரில்லை. வரப்பு யாருக்கும் மெதுவாகச் சொல்லிக்கொடுக்காது. தடுமாறுகிற பிள்ளையை அது சேற்றில்தான் தள்ளும், கூட வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். முதலில் வெறும் கோடு, அப்புறம் டம்ளர், அப்புறம் மணி என்று படிப்படியாக ஏற்றியதில்தான் மாண்டிசோரி அம்மையாரின் வைத்தியம் இருக்கிறது.

பட்டன் விஷயத்தையும் அவர் விடவில்லை. மரச்சட்டத்தில் இரண்டு துண்டுத் துணி, நடுவில் பெரிய பட்டன்கள். இன்னொரு சட்டத்தில் கொக்கி, இன்னொன்றில் முடிச்சு. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா திட்டிக்கொண்டே போட்டுவிடும் பட்டனை, பிள்ளை அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து தானே போட்டுப் பார்க்கலாம்.

அடையாறில் ஒரு கைதி

அடுத்த முப்பது வருஷத்தை வேகமாகத் தாண்டுகிறேன். அமெரிக்காவில் டெலிபோன் புகழ் கிரகாம் பெல் தம்பதி ஆதரித்தார்கள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையை ஜனங்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். முசோலினி முதலில் ஆதரித்து, பிறகு மோதலாகி, 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர். கடைசியில் நெதர்லாந்து.

அங்கேயிருந்துதான் 1939-ல் சென்னை. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி அழைப்பின் பேரில் மகன் மாரியோவோடு அடையாறு வந்து இறங்கியபோது அம்மையாருக்கு வயசு அறுபத்தொன்பது. ஓலைக்கொட்டகையில் வகுப்பு, முந்நூறு பேருக்கு மேல் மாணவர்கள். அவர் இத்தாலியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாசம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் தாயும் மகனும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டு நகரக் கூடாது என்றார்கள். இத்தனை வருஷமும் ஊருக்கு மாரியோவை அக்கா பையன், தத்துப்பிள்ளை என்றெல்லாம்தான் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்ட் 31, எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து வந்த தந்தி, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்து அனுப்புவதாகச் சொன்னது. மகன் என்ற அந்தச் சொல் பகிரங்கமாக, எழுத்தில் வந்தது அப்போதுதான். ஓர் அரசாங்கத் தந்தி அவர்கள் வீட்டு ரகசியத்தை இவ்வளவு மரியாதையாக உடைக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்!

1942 முதல் 44 வரை கொடைக்கானல். அங்கே பல வயசுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு பள்ளி நடந்தது. மலைப்பாதையில் நடை, இலை, பூச்சி, பாசி, கல் என்று பாடங்களே வெளியில் கிடந்தன. அதன் பிறகு இலங்கையில் பயிற்சி வகுப்புகள். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார், மறுவருஷமே மறுபடி இந்தியா வந்தார். 1952 மே 6 அன்று, நெதர்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமானார். பின்னாளில் இத்தாலி தன் ஆயிரம் லீரா நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது.

இன்றைக்கு அந்த ஊஞ்சல் எங்கே இருக்கிறது?

சாதாரணப் பள்ளிகளில் மாண்டிசோரி என்றால் மணிக்கட்டைகளும் வண்ண உருளைகளும் என்று ஆகிப்போனது, ஊஞ்சலும் வேலியும் உதிர்ந்துவிட்டன. அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம், தடை கிடையாது. ஊஞ்சல் வேறு கதவு வழியாகத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 1972-ல் வெளியிட்ட புத்தகத்தில், பிள்ளையின் தடுமாற்றத்துக்கு மூளை தொடுகை, சமநிலை, தசை-மூட்டு உணர்வு ஆகியவற்றைக் கோப்பதில் இருக்கும் சிக்கல் காரணமாக இருக்கலாம் என்றார். 1988-ல் இறந்துபோன அவர் போட்ட வழியில்தான் இன்றைக்கு தெரபி மையங்களில் தொங்கு ஊஞ்சல், பெரிய பந்து, மணல் தொட்டி, ஏறுசுவர் எல்லாம் இருக்கின்றன. பார்த்தால் சான் லொரென்சோ முற்றம் ஞாபகம் வரும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பள்ளி வயசுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இந்த இயக்க ஒருங்கிணைப்புச் சிக்கல் இருக்கிறது. அறிவு குறைவதால் வருவதில்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தால் பலருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் தொடர்கிறது. ஊஞ்சல், பந்து வகைப் புலன் பயிற்சிகளுக்கு இன்னும் உறுதியான ஆராய்ச்சி ஆதாரம் சேரவில்லை என்று 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவித்தது. முழுச் சிகிச்சையின் ஒரு பகுதியாக அதை வைத்துக்கொள்ளலாம், பலன் தெரிகிறதா என்று இடையிடையே அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆலோசனை. பட்டன் போடுவது, சைக்கிள் ஓட்டுவது, எழுதுவது என்று எது வரவில்லையோ அதையே சின்னச் சின்னத் துண்டாக உடைத்துப் பழக்குகிற முறைக்கு ஆதாரம் கூடுதலாக இருக்கிறது. பாய் பின்னிய சிறுமிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, லட்சக்கணக்கில் செலவாகும், ஆறே மாசத்தில் குணமாகும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் யோசியுங்கள்.

அஞ்சு வயசுக்கு மேலும் தடுமாற்றம் அப்படியே இருந்தால் முதலில் குழந்தை நல டாக்டரிடம் காட்டுங்கள். கண், காது, நரம்பு, தசையில் வேறு ஏதும் இல்லை என்று பார்த்துவிடுவது அவசியம். முன்னால் வந்த ஒரு திறமை திரும்பிப் போகிறது, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலமிழக்கிறது என்றால் நாள் தள்ளாதீர்கள். பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இயன்முறை மருத்துவர். அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களிலும், பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையங்களிலும் கட்டணமில்லாமல் விசாரிக்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

வீட்டில் செய்ய, ஒரு சாக்பீஸ் போதும். முற்றத்தில் நீள்வட்டமாக ஒரு கோடு போடுங்கள். முதல் வாரம் வெறும் நடை. டம்ளரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் பாதித் தண்ணீரோடு.